இருபதில் நின்றுவிடும் முள்

ஜூலை 6

அன்புள்ள அண்ணா,

மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் துண்டித்துவிட்டாய். கடிதத்தைத் துண்டிக்க முடியாது. கிழிக்கலாம்; ஆனால் கிழிக்கும் முன் நான்கு வரியாவது படித்துவிடுவாய், எனக்கு உன்னைத் தெரியும். நீ இப்போது வேலை பார்க்கும் கடை முகவரியை டிரைவர் மாமாவிடம் வாங்கினேன். அவரைத் திட்டாதே. "எனக்குத் தெரியாது"ன்னு இரண்டு நாள் சொல்லிப் பார்த்தார். நான் விடவில்லை.

நீ போய்ப் பதினெட்டு நாள் ஆகிறது. வீடு மாற்றும் வண்டிக்கு அப்பா புது ஆள் வைக்கவில்லை. உன்னோடு சாமான் தூக்கிய நெட்டையே உன் வேலையையும் சேர்த்துச் செய்கிறான். இந்த வீட்டில் உன்னை அதிகமாகத் தேடுவது அவன்தான்.

இப்போது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். உன் அலமாரியைத் துடைக்கும்போது, அடியில் விரித்திருந்த தாள் வழவழப்பாக இருந்தது. எடுத்துப் பார்த்தால் உன் ரத்தப் பரிசோதனை அறிக்கை. படித்துவிட்டேன். டெஸ்டோஸ்டிரோன் என்ற இடத்தில் இருந்த எண்ணுக்குப் பக்கத்தில் 'குறைவு' என்று போட்டு அடிக்கோடு இட்டிருந்தது. மறுநாள் பள்ளி நூலகத்தில் உட்கார்ந்து தேடினேன்.

உன் முதுகு வலிக்கு ஆறு வருஷமாகக் கொடுத்தார்களே, அந்த அபின் வகை மாத்திரை வலியை மட்டும் அமுக்குவதில்லையாம். அந்த ஹார்மோனைச் சுரக்கச் சொல்லி மூளை அனுப்பும் கட்டளையையும் அமுக்கிவிடுமாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் சிலருக்குக் கட்டளை திரும்பி வர மாதக்கணக்கில் ஆகுமாம். அதுவரை சோர்வு, பலக் குறைவு, திடீர் வியர்வை, எரிச்சல், காரணமில்லாத அழுகை. நீ சோப்பு விளம்பரம் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாயே, அது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு நான் சிரித்தேன். அதற்கு மன்னித்துவிடு.

ஆகவே மூன்றாம் மாடிப் படியில் அந்தக் கண்ணாடி பீரோ உன் கையிலிருந்து நழுவியது சோம்பேறித்தனம் இல்லை. எல்லோர் முன்னாலும் அப்பா, "இதுக்கு நீ மாத்திரையே போட்டுக்கிட்டு இருந்திருக்கலாம்" என்று சொன்னாரே, அது அவருக்கு இதெல்லாம் தெரியாததால்.

டாக்டர் போட்ட அட்டவணைப்படி பதினோரு மாதம் குறைத்துக் குறைத்து அந்த மாத்திரையை விட்டவன் நீ. எங்கள் வகுப்பில் ஒருத்தியால் பென்சில் கடிப்பதைக்கூட விட முடியவில்லை. எனக்கு உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

தங்கை


ஜூலை 11

கண்ணாடி,

அலமாரித் தாள் அலமாரிக்கு. அதை எடுத்துப் படிச்சிட்டு வான்னு யாரும் உனக்கு ஹோம்வொர்க் குடுக்கலை.

ஒரு ஆம்பளை ரத்தத்துல என்ன இருக்கு, என்ன இல்லைன்னு தங்கச்சி நூலகத்துல உக்காந்து தேடியிருக்கா! இது வெளிய தெரிஞ்சா நான் ஊரை விட்டு இல்லை, நாட்டை விட்டே போகணும். நீ நெட்டைக்குச் சொல்லியிருந்தா உன் மூக்குக் கண்ணாடியை எடுத்து ஒளிச்சு வச்சிடுவேன். மூணாங்கிளாஸ்ல நீ கண்ணாடி போட்ட அன்னிக்கு, 'கண்ணாடி, பத்திரமாகத் தூக்கவும்'னு வண்டி ஸ்டிக்கரை உன் முதுகுல ஒட்டினது தப்பு. 'எல்லாத்தையும் படிக்கும், எட்டி நிக்கவும்'னு ஒட்டியிருக்கணும்.

எனக்கு ஒண்ணும் இல்லை. இங்க பீங்கான் கடையில பேக்கிங் வேலை. கப்பு, தட்டு, ஜாடி. உக்காந்து செய்யற வேலை. சேர்ந்ததுலேர்ந்து நான் கட்டினது ஒண்ணுகூட உடையலை. மேனேஜர் மத்தவங்களைக் கூப்பிட்டு, "இவரு மூலையை எப்படி மடிக்கறாருன்னு பாருங்க"ன்னார். கை வேலை போகலை. அது போதும்.

அப்பா பேச்சை எடுக்காதே. அம்மாகிட்ட நல்லா சாப்பிடறேன்னு சொல்லு.

அண்ணன்


ஜூலை 15

அன்புள்ள அண்ணா,

நெட்டைக்குச் சொல்லவில்லை. யாருக்குமே சொல்லவில்லை. ஆனால் 'ஆம்பளை ரத்தம்' என்று எழுதியிருந்தாயே, அதைத் திருத்த வேண்டியிருக்கிறது. அந்த ஹார்மோன் என் உடம்பிலும் அம்மா உடம்பிலும்கூடக் கொஞ்சம் இருக்கிறது. அது உன் தனிச் சொத்து இல்லை. எனவே அதைப் பற்றிப் படிக்க எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

இத்துடன் வரும் பார்சலில் ஒரு சுருள்வில் தராசு இருக்கிறது. பள்ளி ஆய்வகத்தினுடையது. இயற்பியல் டீச்சரிடம், "ஒருவருடைய பலம் நாளுக்கு நாள் எப்படி மாறுகிறது என்று பதிவு செய்ய வேண்டும்" என்று கேட்டேன். அவர் உடனே கொடுத்துவிட்டார். நான் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், உடைத்துவிடாதே.

செய்முறை: மேல் வளையத்தை மேசைக் காலின் அடியில் ஒரு கயிற்றால் கட்டு. கொக்கியைக் கையில் பிடி. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு மேல்நோக்கி இழு. தோளைத் தூக்கக் கூடாது. காலை எழுந்து பல் தேய்த்த பிறகு, தினமும் ஒரே நேரம். முள் எங்கே நிற்கிறதோ அதை எழுது. பலம் திரும்புவது உனக்கே தெரியாமல் இருக்கலாம், எண்ணுக்குத் தெரியும்.

ஒப்பிடுவதற்காக இங்கே எல்லோரையும் இழுக்க வைத்தேன். பள்ளிப் பரிசோதனை என்று சொல்லித்தான். நான் எட்டு கிலோ. அம்மா ஒன்பதரை. "துணி பிழியற கை, வேற எப்படி இருக்கும்" என்றாள். நெட்டை பதினெட்டு. டிரைவர் மாமா பதினைந்து. அதற்கு முன் "இன்னிக்கு தோள் சரியில்லை" என்று ஒரு முன்னுரை. அப்பா மட்டும் இழுக்கவில்லை. "போய் வேலையைப் பாரு" என்றார். ஆனால் நெட்டை இழுத்தபோது முள்ளை எட்டிப் பார்த்தார். நான் பார்த்தேன்.

தங்கை


ஆகஸ்ட் 2

கண்ணாடி,

டீச்சரம்மா கேட்ட பதிவு இதோ. ரெண்டு வாரத்துக்கு, ஒரு நாள் விட்டு ஒரு நாள்: 17, 17½, 18, 19, 20, 21, 22.

போதுமா? நெட்டைகிட்ட சொல்லு, அவன் பதினெட்டை அவனே வச்சுக்கட்டும். நான் தேறிட்டேன். இனிமே புஸ்தகத்தை மூடிட்டு உன் பரீட்சைக்குப் படி.

அண்ணன்


ஆகஸ்ட் 7

அன்புள்ள அண்ணா,

அந்தத் தராசில் முள் இருபதுக்கு மேல் போகாது. இருபதில் ஒரு சின்னத் தகடு இருக்கிறது, அதில் முட்டி நின்றுவிடும். நீ யானையாக இருந்தாலும் இருபதுதான் காட்டும். பிரித்துப் பார்த்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும்.

கடிதத்தைப் படித்ததும் முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. நீ இதுவரை என்னிடம் பொய் சொன்னதில்லை. நான் எழுதிய கட்டுரை மோசம் என்றால் மோசம் என்றே சொல்வாய்.

நம் வண்டியில் ஒரு வழக்கம் உண்டே, சின்ன வயதிலிருந்து எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். சாமானைத் தூக்கிப் படியேறும்போது யாருக்காவது பிடி தளர்ந்தால் "கை" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உடனே மற்றவர்கள் எல்லோரும் "இறக்கு" என்று சொல்லி, எந்தப் படியாக இருந்தாலும் இறக்கி வைத்துவிட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. கேலி செய்யக் கூடாது. அப்பா வைத்த சட்டம். ஒருமுறை அப்பாவே "கை" சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்.

பீரோ விழுந்த அன்று நீ சொல்லவில்லை. டிரைவர் மாமாதான் சொன்னார்: "கீழ்ப்பக்கம் அவன் பிடிச்சிருந்தான். விரலெல்லாம் வெளுத்துப்போச்சு. வாயைத் திறக்கலையே பாவி. நெட்டை காலைச் சரியான நேரத்துல இழுத்துக்கிட்டான், இல்லைன்னா?" அப்பா கத்தியது உடைந்த கண்ணாடிக்காக இல்லை என்று இப்போது நினைக்கிறேன்.

அதற்காக அவர் சொன்னது சரி என்று ஆகிவிடாது. அது தப்பு. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என்னிடமும் "சாப்பிட்டியா", "விளக்கை அணை" இரண்டுதான்.

இருபத்திரண்டு எனக்கு வேண்டாம் அண்ணா. மூன்று என்றாலும் மூன்று என்று எழுது.

தங்கை


ஆகஸ்ட் 19

கண்ணாடி,

கை.

இந்த ஒரு வார்த்தையை எழுத நாலு நாள் ஆச்சு. பன்னெண்டு நாள் பதில் இல்லையேன்னு நினைச்சிருப்பே. பேப்பரை எடுப்பேன், மடிச்சு வைப்பேன்.

பார்சலை நான் பிரிக்கவே இல்லை. நம்பரெல்லாம் சும்மா எழுதினது. பிரிச்சு, இழுத்து, உன்னோட எட்டை விடக் குறைவா காட்டினா என்ன செய்யறதுன்னு பயம். சிரிக்காதே.

என் அறை ரெண்டாவது மாடி. வேலை முடிஞ்சு வந்தா முதல் மாடித் திருப்பத்துல உக்காந்துட்டுத்தான் மேல போறேன். எதிர் வீட்டுப் பெரியவர் என்னைத் தாண்டி ஏறிப் போறார், கையில பால் பாக்கெட்டோட. தினமும் சவரம் பண்ணினவன், இப்போ நாலு நாளைக்கு ஒருதரம் போதும். திடீர்னு வேர்க்குது. போன வாரம் வேற ஒருத்தன் ஒரு ஜாடியை உடைச்சான். அவன் "போச்சுடா"ன்னு சிரிக்கறான், நான் பின்பக்கம் போய் அழுதேன். யாரோ உடைச்ச ஜாடிக்கு!

இன்னொண்ணும் சொல்லணும். பழைய மருந்துச் சீட்டு ஒண்ணு பர்ஸ்ல இருந்தது. அதைக் காட்டி அந்த மாத்திரை ஒரு பட்டை வாங்கிட்டேன். பத்து இருக்கு. அதைப் போட்டா பழையபடி ஆயிடுவேன்னு தோணுது. திரும்பி வந்து அப்பா கண் முன்னாடி ஒரு பீரோவைத் தனியாத் தூக்கிக் காட்டணும்னு தோணுது. அவர்தானே சொன்னார், போட்டுக்கிட்டே இருந்திருக்கலாம்னு.

இன்னும் பிரிக்கலை. உன் பார்சலும் பிரிக்கலை, பட்டையும் பிரிக்கலை. ரெண்டும் ஜன்னல்ல பக்கத்துல பக்கத்துல இருக்கு. காலைல எழுந்ததும் ரெண்டையும் பாக்கறேன். எதை முதல்ல பிரிப்பேன்னு எனக்கே தெரியலை.

வீட்ல சொல்லாதே.

அண்ணன்


ஆகஸ்ட் 22

அண்ணா,

இறக்கு.

கடிதம் இப்போதுதான் வந்தது. உன் கைக்கு இது சேர மூன்று நாள் ஆகும், அதனால் எழுதி முடித்ததும் போன் செய்யப் போகிறேன். இந்த முறை துண்டிக்காதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நீ சொல்லாதே என்றாய், தெரியும். ஆனால் "கை" என்று ஒருவர் சொன்னால் பக்கத்தில் இருக்கும் எல்லோருமாகச் சேர்ந்துதான் இறக்க வேண்டும். ஒரு ஆளால் முடியாது. அம்மா அழவில்லை. அடுப்பை அணைத்தாள், முகம் கழுவினாள், "ரெண்டு நாள்ல அவன் டாக்டர்கிட்ட போகலைன்னா நான் பஸ் ஏறிடுவேன்னு எழுது. அந்த மேனேஜர் முன்னாடி வச்சே காதைத் திருகுவேன்னும் எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.

இரண்டு விஷயம் நீ தெரிந்துகொள்ள வேண்டும். இத்தனை மாதம் இடைவெளி விட்ட உடம்புக்குப் பழைய அளவு தாங்காது. மூச்சே நின்றுபோகலாம் என்று படித்தேன். இன்னொன்று, மாத்திரை போட்ட காலத்திலும் உன் ஹார்மோன் குறைவாகத்தான் இருந்திருக்கும். மாத்திரை அதை உனக்குத் தெரியவிடவில்லை, அவ்வளவுதான். பழையபடி ஆவது என்பது பலத்துக்குத் திரும்புவது இல்லை.

பட்டையை டாக்டர் கையில் கொடு. தராசை நீ பிரி.

தங்கை


செப்டம்பர் 9

கண்ணாடி,

போன்ல பேசினதுக்கு அப்புறம் நடந்ததை எழுதறேன். போன்ல நீ பாதி, அம்மா பாதி அழுததுல நான் எதுவும் சொல்ல முடியலை.

மறுநாளே போனேன். இந்த ஊர் ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மா. பட்டையை மேசை மேல வச்சு, "இதை வாங்கிட்டேன், போடலை"ன்னேன். அவங்க அதைத் திருப்பிப் பார்த்து, பத்தும் இருக்கான்னு எண்ணி, டிராயர்ல போட்டுப் பூட்டினாங்க. அப்புறம் எழுந்து எனக்குக் கை குடுத்தாங்க. நான் திட்டு வாங்கத் தயாரா போயிருந்தேன்.

இந்த ரத்தத்தைக் காலைலதான் எடுக்கணுமாம், அதுவும் வேற வேற நாள்ல ரெண்டு தடவை. ரெண்டு நாளும் எட்டு மணிக்கு முன்னாடி போய்க் கையை நீட்டினேன். முதல் அறிக்கையை விடக் கொஞ்சம் ஏறியிருக்கு. இன்னும் குறைவுதான். "உங்க உடம்பு முழிச்சுக்கிட்டு இருக்கு. மூணு மாசம் கழிச்சுத் திரும்பப் பாக்கலாம். ஏறலைன்னா மருந்து இருக்கு, அதுக்கு வெக்கப்பட எதுவும் இல்லை"ன்னாங்க. நடக்கணும், நேரத்துக்குத் தூங்கணும், சின்ன எடை தூக்கணும். மனசு கனமா இருந்தா மறைக்காம வந்து சொல்லணும். யார் உங்களை அனுப்பினதுன்னு கேட்டாங்க. பதினோராங்கிளாஸ் படிக்கற என் தங்கச்சின்னேன். "அவளை டாக்டருக்குப் படிக்கச் சொல்லுங்க"ன்னாங்க. தலைக்கனம் ஏத்திக்காதே.

பார்சலைப் பிரிச்சேன். என்ன கட்டு இது! நாலு அடுக்குத் துணி, மூலை எதுவும் மடிக்கலை. வீடு மாத்தறவன் பொண்ணு கட்டற கட்டா? ஆனா உடையலை. முள் நிஜமாவே இருபதுல முட்டுது. விரலால தள்ளிப் பார்த்தேன்.

இனி நிஜ நம்பர். 10½, 11, 10, 10, 11, 11½. அம்மாவை விட ஜாஸ்தி. அவ்வளவுதான் பெருமை.

அப்பாகிட்ட சொல்லணும்னு உனக்கு உயிர் போகும், தெரியும். சொல்லிக்கோ. நம்பரை மட்டும் சொல்லு. ஜோடிச்சுச் சொல்லாதே.

அண்ணன்


செப்டம்பர் 16

அன்புள்ள அண்ணா,

நான் நம்பரை மட்டும்தான் சொன்னேன். ஆனால் அவர்கள் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. வண்டிக் கொட்டகையில் எல்லோரும் சாமான் சுற்றும் போர்வைகளை உதறி மடித்துக்கொண்டிருந்தார்கள். நான் போய் நின்று, "அண்ணன் பதினொன்றரை" என்றேன்.

நெட்டை, "அவ்வளவுதானா? நான் பதினெட்டு!" என்று சிரித்தான்.

அப்பா திரும்பாமலேயே, "நீ ஆறு வருஷம் சாப்பிட்ட மாத்திரையை விட்டிருக்கியாடா? பேசாம போர்வையை மடி" என்றார்.

நெட்டை மடித்தான். டிரைவர் மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அம்மா அப்பாவிடம் முன்பே ஏதோ சொல்லியிருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. எவ்வளவு என்று தெரியவில்லை.

பிறகு அப்பா கேட்டார், "அவன் 'கை'ன்னு சொன்னானா?"

"சொன்னான். எழுதி அனுப்பினான்."

"எழுதியா?"

"எழுதி. தனி வரியில."

அப்பா கையிலிருந்த போர்வையோடு வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டார். "அன்னிக்குப் படியில சொல்றதை விட இது கஷ்டம்" என்றார். போர்வையை மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார். "நான் ஒரு வார்த்தை சொன்னேன்ல, அதை இறக்கி வச்சிடச் சொல்லி எழுது. அதைத் தூக்கிட்டுத் திரிய வேண்டாம். நான் சொன்னது தப்பு." நான் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை அண்ணா. ஜோடிக்கவும் இல்லை.

இதோடு முடியவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு வீட்டில் சாமான் ஏற்றினார்கள். அந்த வீட்டு அம்மாள் பழைய வாடிக்கை. "பெரிய பையனைக் காணோமே?" என்று கேட்டிருக்கிறார். அப்பா நெஞ்சை நிமிர்த்தி, "பதினொன்னரை கிலோ இழுக்கறான். மாத்திரை இல்லாம" என்றாராம். அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியாமல், "நல்லது, நல்லது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாராம். டிரைவர் மாமா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். நெட்டை இப்போது வண்டியில் ஏறும்போதெல்லாம், "பதினெட்டு கிலோவை யாரும் மதிக்கறதில்லை" என்று புலம்புகிறான்.

டீச்சர் தராசைக் கேட்டார். பதிவு இன்னும் முடியவில்லை என்றேன். எதுவும் கேட்காமல் பதிவேட்டில் தேதியை மாற்றிக் கொடுத்தார்.

அப்பா தினமும் காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும்போது செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டு, "நம்பர் வந்துதா?" என்கிறார்.

தங்கை


செப்டம்பர் 24

கண்ணாடி,

உன் கடிதத்தைப் படிச்சேன். அப்பா சொன்ன இடத்தை மட்டும் மூணு தடவை. இறக்கி வச்சிட்டேன்னு சொல்லு.

நேத்து கடையில ஒரு பெரிய மண்தொட்டி. ரெண்டு பேர் பிடிச்சோம். பாதி வழியில "கை"ன்னேன். மத்தவனுக்கு அர்த்தம் தெரியலை. "என்ன கை?"ன்னு நிக்கறான். இறக்கி வச்சிட்டு அவனுக்கு நம்ம வண்டிச் சட்டத்தை விளக்கிச் சொன்னேன். இன்னிக்குக் காலைல மேனேஜரே ஒரு பெட்டியைத் தூக்கிட்டுப் போனவர் நடுவுல நின்னு "கை"ன்னார். மூணு பேர் ஓடினோம். சட்டம் போட்டவர் பேரையும் அவங்களுக்குச் சொல்லியிருக்கேன்.

டிசம்பர்ல அடுத்த பரிசோதனை. அது முடிஞ்சு வீட்டுக்கு வரேன். வந்து பேக்கிங் பாக்கறேன், தூக்கறது அப்புறம். பீரோ எதையும் தனியாத் தூக்கிக் காட்டப் போறதில்லை.

இன்னிக்கு நம்பர் பத்தேமுக்கால். போன வாரத்தை விடக் குறைஞ்சிருக்கு. அப்பாகிட்ட அப்படியே சொல்லு.

அண்ணன்